ஏழில் தேறிய எண்

செவ்வாய்க்கிழமை காலை தலைநகர் ஃப்ரூன்ஸேயிலிருந்து செய்தித்தாள் கட்டு வந்து இறங்கியதும், நாரின் தபால் நிலையத்தில் அதைப் பிரித்தவள் தபால்தலைப் பிரிவில் இருந்த துர்சுனை. பிரித்த கையோடு நான்காம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தந்திப் பிரிவுக்கு ஓடி வந்தாள். அங்கே அனார்கான், வந்த தந்தியின் நாடாவை வெட்டிப் படிவத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு பேப்பர்ல வந்திருக்கு. இனிமே எங்ககிட்டல்லாம் பேசுவீங்களா?”

புதிர்ப் பகுதியில் நடு இடத்தில் பெயர் இருந்தது. நாரின் நகரக் கணித ஆசிரியர் மம்பெதாலி. பரிசு ஒரு ரேடியோ, தபாலில் வரும்.

புதிர் இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கங்களும் ஒவ்வொரு முறைதான் வரவேண்டும். அப்படியொரு பத்து இலக்க எண். அதன் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் எடுத்தால் அது இரண்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். முதல் மூன்றை எடுத்தால் மூன்றால், முதல் நான்கை எடுத்தால் நான்கால் என்று போய், பத்தையும் எடுத்தால் பத்தால் வகுபட வேண்டும். மம்பெதாலி அன்று தேநீர்க் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, “இறங்கு வரிசைதான்” என்றார். 9876543210. இருபத்துமூன்று பேர் இதே விடையை அனுப்பியிருந்தார்களாம். குலுக்கலில் அவர் பெயர் வந்திருந்தது. புதிர்ப் பகுதியை நடத்திய விரிவுரையாளர் எசென்குலோவ், இவ்வளவு ஒழுங்கான எண்ணுக்குள் இவ்வளவு குணம் ஒளிந்திருப்பது வியப்புதான் என்று இரண்டு வரி எழுதியிருந்தார்.

“எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்கக்கா, அதுல என்னதான் இருக்குன்னு” என்று துர்சுனை மணிச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பளிக் கோட்டோடு வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். அனார்கானுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பழைய படிவம் ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தாள். தொண்ணூற்றெட்டு, இரண்டால் போகும். 987, மூன்றால் போகும். நான்கு, ஐந்து, ஆறு எல்லாமே துல்லியமாகப் போயின. 9876543. இதை ஏழால் வகுத்தாள். மீதி ஐந்து நின்றது.

எங்கேயோ கை தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி வகுத்தாள். மறுபடியும் ஐந்து.

“என்னக்கா, ஏழுல சிக்கிக்கிச்சா?”

“இல்ல, சரியாத்தான் வருது” என்று சொல்லிவிட்டு அனார்கான் எட்டுக்குப் போனாள். எட்டு போயிற்று, ஒன்பது போயிற்று, பத்தும் போயிற்று. வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் அந்தப் படிவத்தை நாலாக மடித்துக் கோட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பதினெட்டு வருட வேலையில் ஒரு இலக்கத்தைப் பற்றி அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

மம்பெதாலி கெட்ட மனிதர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுப்பவர். ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்று, வீட்டிலும் அப்படியே நிற்கப் பழகிவிட்டார். மாவு ஏன் புளிக்கிறது, ஆறு ஏன் விளிம்பில் முதலில் உறைகிறது, எல்லாவற்றையும் அவர் விளக்குவார், அவள் கேட்பாள். அவள் பத்தாம் வகுப்பு முடித்துத் தந்திப் பயிற்சிக்குப் போனவள். அவரை அவள் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. திருத்த வேண்டி வந்ததில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. அவருடைய தம்பி ஜுமாபெக், ஞாயிற்றுக்கிழமை ஆடு வெட்டலாம் என்று முடிவே செய்துவிட்டான். பள்ளி இயக்குநர் வருவதாகச் சொல்லியிருந்தார். மம்பெதாலி செய்தித்தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்து, காது சிவந்து, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி இருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து மீதி நிற்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். வெறுங்கையோடு போய்த் தப்பு என்று சொல்வதைவிட, சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அவருக்கு அடி குறைவாக விழும். அப்படி ஒரு எண் இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை தந்திகளுக்கு நடுவே அவள் தேட ஆரம்பித்தாள். பத்து இலக்கங்களை முப்பத்தாறு லட்சம் விதமாக அடுக்கலாம் என்று மம்பெதாலி ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. அத்தனையையும் எழுதிப் பார்க்க ஆயுள் போதாது. ஆனால் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, அந்த முப்பத்தாறு லட்சமும் பனி மாதிரி கரைந்துகொண்டே வந்தது. பத்தாவது இடத்தில் பூஜ்யம்தான் நிற்க முடியும். பூஜ்யம் போய்விட்டதால் ஐந்தாவது இடம் ஐந்துக்குத்தான். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது இடங்களில் இரட்டை எண்கள் வந்தாக வேண்டும்; அப்படியானால் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது மற்ற நான்கு இடங்களுக்கு. இதைக் கண்டுபிடித்தபோது அவள் தனியாகச் சிரித்துவிட்டாள். ஓஷ் நகரத்துக்குப் போகவேண்டிய அனுதாபத் தந்தியோடு நின்றிருந்த ஆள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வியாழக்கிழமை இன்னும் கரைந்தது. நான்காவது இடத்தில் இரண்டும் ஆறும் தவிர வேறெதுவும் உட்கார மறுத்தது. எட்டாவது இடத்திலும் அப்படியே. ஆகவே நான்கும் எட்டும் மற்ற இரண்டு இடங்களுக்குப் போயின. முதல் மூன்று இலக்கங்களின் கூட்டல் மூன்றால் போகவேண்டும், முதல் ஆறின் கூட்டலும் போகவேண்டும். அதனால் நடுவில் நிற்கும் மூன்றின் கூட்டலும் மூன்றால் போயாக வேண்டும். நடுவில் 258 வரலாம், இல்லையென்றால் 654 வரலாம். மூன்றாவது வழி கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் மிஞ்சியவை பத்தே பத்து எண்கள். முப்பத்தாறு லட்சத்தில் பத்து. அந்தப் பத்தில் ஒன்று அவள் கணவருடைய 9876543210. அவர் எண்ணும் வெறும் பிசகு இல்லை. கடைசி வாசல்வரை வந்து நின்ற எண் அது. பத்துமே மற்ற எல்லாவற்றாலும் வகுபட்டன. ஏழு ஒன்றுதான் பாக்கி.

ஒவ்வொன்றாக ஏழால் வகுத்தாள். ஆறு மீதி. இரண்டு மீதி. ஐந்து. இரண்டு. நான்கு. கணவருடையதில் பழைய ஐந்து. அதற்கடுத்ததில் ஆறு. எட்டாவதாக எழுதியிருந்தது 3816547290. முதல் ஏழு இலக்கங்களை எடுத்தாள். 3816547-ஐ ஏழால் வகுக்க, 545221. மீதி எதுவும் இல்லை.

அவசரப்படாமல் மீதி இரண்டையும் வகுத்து முடித்தாள். இரண்டு, ஆறு. பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள். கருவி டகடகவென்று நாடாவைத் துப்ப ஆரம்பித்தது. அவள் உடனே எழுந்திருக்கவில்லை. உலகத்தில் இந்த ஒன்றுதான் என்று தெரிந்த ஒரு விஷயம் அவளுடைய கையெழுத்தில், கசங்கிய படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. மூன்று, எட்டு, ஒன்று என்று நொண்டி நொண்டி நடக்கிற எண். யாரும் அதைப் பார்த்து வியந்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் மம்பெதாலி கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வேலியோரம் கட்டியிருந்த ஆடு வைக்கோலை மென்றது. அனார்கான் இரண்டு காகிதங்களையும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

“இதக் கொஞ்சம் பாருங்க. ஏழால போகல.”

“எது போகல?”

“உங்க எண்ணு. அஞ்சு மீதி நிக்குது.”

அவர் சிரித்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, அவளுக்கு வகுத்தலில் எங்கே பிசகியது என்று காட்டுவதற்காகவே பென்சிலை வாங்கினார். ஒருமுறை வகுத்தார். காகிதத்தைத் திருப்பிவைத்து இன்னொரு முறை வகுத்தார். மூன்றாவது முறை வகுக்கும்போது அவர் காது சிவந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமை சிவந்த மாதிரி இல்லை.

“பேப்பர்லயே சரின்னு போட்டிருக்கான். இருபத்துமூணு பேரு இதத்தான் அனுப்பியிருக்காங்க. நீ யாரு இதச் சொல்ல?”

“நான் யாருமில்ல. ஏழுக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஏழுக்குச் சுலபமான விதி கிடையாது, மனக்கணக்காகப் போட்டேன், வந்துவிட்டது என்று தோன்றியது என்று கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் மற்ற காகிதத்தைக் காட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. நாளைக்கு இயக்குநர் வருகிறார், ஊரே வருகிறது, இந்த ஒரு நாள் போகட்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் குரலில் அதட்டல் இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. கெஞ்சல்தான் இருந்தது. அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஆட்டிறைச்சியும் மாவுப் பட்டைகளும் கலந்த பெஷ்பர்மக் தட்டுகள் சுற்றில் வந்தன. வேகவைத்த ஆட்டுத் தலையை ஜுமாபெக் இரண்டு கையாலும் தூக்கி வந்து, வழக்கமாக மதிப்புக்குரிய விருந்தாளியான இயக்குநருக்கு வைக்கவேண்டியதை அவர் அனுமதியோடு அண்ணன் முன்னால் வைத்தான். மம்பெதாலி கத்தியை எடுத்து, காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், முறைப்படி எல்லாம் செய்தார். பிறகு இயக்குநர், அந்த எண்ணின் மகிமையை எல்லோருக்கும் புரியும்படி சொல்லச் சொன்னார்.

அவர் சொன்னார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றாக, வகுப்பில் சொல்வதுபோல அழகாகத்தான் சொன்னார். ஆறு முடிந்ததும், “மத்ததும் இதே மாதிரிதான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார். கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்த அனார்கான் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர்கள் தேவைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பு, விறகு, கதவு. கண்ணாடிச் சட்டம் சுவரில் ஏறவில்லை, அலமாரிமேல் கவிழ்ந்து கிடந்தது. அவளுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்த அந்த எண்ணை யாரோடும் பேச முடியாமல் இருந்ததுதான் பாரமாக இருந்தது. பேசக்கூடிய ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ரேடியோ வந்தது. டோலோன் கணவாயில் பனி தள்ளி வழி விட்டிருந்ததால் தபால் வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. மதிய இடைவேளையில் மம்பெதாலி கையெழுத்துப் போட்டு வாங்க வந்தார். துர்சுனை பெட்டியைத் தூக்கி மேடைமேல் வைத்து, சாயங்காலம் பாட்டுக் கேட்க நாங்களெல்லாம் வரலாமா என்று கேட்டாள். அவர் பேனாவைக் கையில் பிடித்தபடி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதத் திருப்பி அனுப்பிடும்மா” என்றார்.

தனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று துர்சுனை நினைத்துக்கொண்டாள். அவர் மறுபடி சொல்லிவிட்டு நேராகத் தந்தி ஜன்னலுக்கு வந்து, ஒரு படிவம் கேட்டார். மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே அனார்கான் அவருக்கும் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். நின்றபடியே எழுதி நீட்டினார்.

செய்தித்தாளின் முகவரிக்கு எழுதியிருந்தார். 9876543210 ஏழால் வகுபடாது. சரியான எண் 3816547290. கண்டுபிடித்தவர் என் மனைவி அனார்கான், தந்திப் பணியாளர். பரிசு திரும்பி வருகிறது. மம்பெதாலி.

“என் பேரு எதுக்குங்க?” என்றாள் மெதுவாக.

“அனுப்பு.”

“எண்ண நீங்க வகுத்துப் பாத்தீங்களா?”

“ராத்திரி பாத்தேன். நீ தூங்குனதுக்கப்புறம்.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “ஆட்டுத்தலை தொண்டைல இறங்கல அனார்” என்றார்.

அவர் பள்ளிக்குப் போனபிறகு அவள் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் பெயரைத் தானே அடித்து அனுப்புவது என்னவோபோல் இருந்தது. வழக்கப்படி தந்தியின் கடைசியில் எண்களை மட்டும் மறுபடி அடித்தாள். மறுமுனையில் ஃப்ரூன்ஸேயில் இருந்த பெண்ணை அனார்கான் நேரில் பார்த்ததே இல்லை. எண்கள் சரியாக வந்தன என்று உறுதிசெய்த அந்தப் பெண், நாடாவில் இன்னொரு வரி அனுப்பினாள். அனார்கான் நீதானா, இது நிஜமா. நிஜம்தான் என்று இவள் பதில் அடித்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி நாடா வந்தது. நாங்கள் மூன்று பேர் வகுத்துப் பார்த்தோம், எல்லாம் போகிறது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ரேடியோ திரும்பிப்போன கதை சாயங்காலத்துக்குள் சந்தைவரை போய்விட்டது. இயக்குநர் மம்பெதாலியைக் கூப்பிட்டு, தெரிந்துகொண்டே தன்னைக் கைதட்ட வைத்தாரா என்று கேட்டார். ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு மாதம் இயக்குநர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் வகுப்புக்குள் நுழையும்போது ஆறுவரை எண்ணிவிட்டு நிறுத்தினார்கள். ஜுமாபெக்குக்கு வேறு கவலை. “எண்ணத் திருப்பிட்டீங்க, ரேடியோவத் திருப்பிட்டீங்க, என் ஆட்ட யாருண்ணே திருப்புவா?” என்று வாசலிலேயே நின்று கேட்டான். அந்த வாரத்தில் மம்பெதாலி சிரித்தது அப்போதுதான்.

மூன்று வாரம் கழித்து எசென்குலோவிடமிருந்து கடிதம் வந்தது, அனார்கான் பெயருக்கு. தானும் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு ஏழை மட்டும் நம்பிக்கையில் விட்டுவிட்டதாக ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். அடுத்த இதழில் திருத்தம் வரும். ஆனால் ஒரு சந்தேகம். இந்த ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது கிடையாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கணிப்பொறி மையத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் இயந்திரத்தில் போட்டுப் பார்க்கத் தயார். ஆனால் மே மாதம்வரை வரிசை இருக்கிறது. அதற்கு முன்னால் அவள் வாயால் கேட்க ஆசைப்படுவதாக முடித்திருந்தார்.

ஞாயிறு மதியம் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். எழுதுவது நீங்கள், எனக்கு இப்படிப்பட்ட கடிதம் எழுதத் தெரியாது என்றாள் அவள். அவர் மைப்பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். இருபது வருடத்தில் அவள் விளக்கி அவர் கேட்டது அன்றுதான். எட்டாவது இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

“எட்டுக்குக் கடைசி மூணு இலக்கத்தையும் பாக்கணும். நீ ரெண்டுதான பாத்திருக்க?”

“ஆறாவது இடத்துல நாலப் போட்டாலும் எட்டப் போட்டாலும் மாறல. அதான் விட்டுட்டேன்.”

“ஏன் மாறல?”

அவளுக்குத் தெரியவில்லை. முகம் விழுந்துவிட்டது. அவர் ஓரத்தில் ஏதோ கிறுக்கிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, எட்டு இலக்கத்தில் ஆறாவது நூறின் இடம், அங்கே நிற்பது இரட்டை எண், அப்படியென்றால் அது இருநூறின் மடங்கு, இருநூறு எட்டால் போய்விடும், ஆகவே கடைசி இரண்டு மட்டும்தான் கணக்கு என்றார். அவள் அதைத் தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவள் கண்டது தப்பில்லை, ஆனால் அதன் கீழே ஒரு கல் குறைந்திருந்தது, அதை அவர் வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் பசி மறந்துபோயிற்று.

பத்து எண்களையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் மீதிகளைப் போட்டார்கள். மம்பெதாலி அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்துதான் மிஞ்சுச்சு. ஏழால வகுத்தா மீதி எது வேணா வரலாம். பத்துல ஒண்ணுகூடத் தேறாமப் போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம்.”

“அப்ப நீ அந்த மூணு நாளும் எத நம்பித் தேடுன?”

அவள் யோசித்தாள். “உங்ககிட்ட வெறுங்கையோட வரக்கூடாதுன்னு தேடுனேன். அது இருந்தது என் அதிர்ஷ்டம். இல்லன்னா இல்லன்னுதான் வந்து சொல்லியிருப்பேன்.”

அவர் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடும் இடத்தை விட்டுவிட்டு அவளிடம் நீட்டினார். அவள் போட்டாள், அவரும் போடவேண்டும் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு கல் வைத்ததற்கு எதற்கு என்றார். அந்தக் கல் இல்லாவிட்டால் எல்லாம் சரிந்திருக்கும் என்றாள்.

திருத்தம் ஏப்ரலில் வந்தது, ஏழே வரிகளில், இரண்டு பெயர்களோடும். மே மாதக் கடைசியில் எசென்குலோவ் ஒரு அட்டை அனுப்பினார். இயந்திரம் எல்லா அடுக்குகளையும் போட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரியை அச்சடித்ததாம். அட்டையில் அந்த வரியை அப்படியே எழுதியிருந்தார்.

அன்று மாலை வெளியே உட்கார்ந்து அந்த அட்டையை இருவரும் பார்த்தார்கள். ஆற்றில் பனி உருகிய தண்ணீர் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. இவர்கள் பார்ப்பதற்கு முன்னாலும் அந்த எண் இப்படியேதான் இருந்திருக்கும் என்று அனார்கான் நினைத்தாள். நாரினில் யாரும் இல்லாத காலத்திலும். அதற்கு யாருடைய பெயரும் தேவைப்பட்டிருக்காது.

“இருந்தாலும்” என்றார் மம்பெதாலி, “அந்த இறங்கு வரிசை எண்ணு அழகா இருந்துச்சு.”

“ரொம்ப அழகா இருந்துச்சு” என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. அவர் கிண்ணத்தை வாங்கித் தேநீரை நிரப்பிக் கொடுத்தாள்.